“போர்ட் போய்விட்டது” என்றால் எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்று கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற கிழமை உங்கள் வாசகர் பக்கத்தில் லண்டன் ஈஸ்ட்ஹாமில் இருந்து ஒரு தாய் எழுதிய கடிதத்தை என் மனைவி சத்தமாக வாசித்தாள். நான் கையில் எடுத்த இடியப்பத்தை வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஜனவரிக் குளிரில் பதினொரு நாள் சுடுதண்ணீர் இல்லை. வீட்டில் கைக்குழந்தை. வீட்டுக்குச் சுடுதண்ணீரும் சூடும் தருகிற காஸ் பொயிலரைப் பார்க்க வந்தவர் “போர்ட் போய்விட்டது”, அதாவது அதை இயக்குகிற மின்னணுப் பலகை பழுது, என்று சொல்லிப் புதுப் போர்ட் பூட்டினார். இரண்டு நாளில் அதே பிழை. வேறொருவர் வந்தார், அவரும் போர்ட் என்றார், இன்னொன்று பூட்டினார். மூன்றாவது ஆள் வந்து பொயிலரையே மாற்றச் சொல்லிவிட்டுப் போனார். 640 பவுண் செலவழித்த பிறகும் அந்த வீட்டில் கேத்திலில் தண்ணீர் சுட வைத்துத்தான் பிள்ளையைக் குளிப்பாட்டினார்கள்.

அந்தக் கடிதத்தின் நடுவில் ஒரு வரி இருந்தது. “நிற்பதற்கு முன்னம் உள்ளுக்குள் கொடகொட என்று தண்ணீர் கொப்புளிக்கிற மாதிரி ஒரு சத்தம் வரும்.” மனைவியை நிறுத்தி, அந்த வரியை மட்டும் திரும்ப வாசிக்கச் சொன்னேன். இந்தக் கடிதத்தை நான் எழுதுவது அந்த ஒரு வரியால்தான். அதற்குப் பிறகு வருகிறேன்.

நான் ஹரோவில் இருக்கிறேன். இருபத்திரண்டு வருடமாக வீட்டுப் பொயிலர் திருத்துவதுதான் தொழில். நான் பரீட்சை எழுதிய காலத்தில் காஸ் வேலை செய்பவர்களுக்குக் கோர்கி என்ற பதிவு இருந்தது. 2009 ஏப்ரலில் அதன் இடத்துக்குக் காஸ் சேஃப் வந்தது. அதற்கு முன்னம் யாழ்ப்பாணத்தில் ஒரு ரேடியோ திருத்தும் கடையில் ஏழு வருடம் வேலை செய்தேன். போர்டைப் பற்றி நான் கதைப்பதற்கு அந்த ஏழு வருடமும் ஒரு காரணம்.

நம் ஆட்களில் பலருக்குப் போர்ட் என்பது உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத ஒரு மர்மப் பெட்டி. அதனால்தான் “போர்ட் போச்சுது” என்று யாரும் சொன்னால் மறுபேச்சு இல்லாமல் காசை எடுத்துக் கொடுக்கிறோம். அது செய்கிற வேலையைத் தெரிந்துகொண்டால் அந்தப் பயம் பாதி போய்விடும்.

குசினியில் சுடுதண்ணீர்க் குழாயைத் திறக்கிறீர்கள். தொட்டி இல்லாமல் உடனுக்குடன் தண்ணீரைச் சூடாக்கும் கொம்பி பொயிலருக்குள் ஒரு சின்னச் சக்கரம் தண்ணீரில் சுற்றத் தொடங்கும். அதைக் கண்டதும் போர்ட் முதலில் விசிறியை ஓட விடும். விசிறி உண்மையாகவே சுற்றுகிறதா என்று அதன் வேகத்தை எண்ணிப் பார்க்கும். காற்று சரி என்று தெரிந்த பிறகுதான் பொறி தட்டும், காஸ் வால்வைத் திறக்கும். திறந்த சில வினாடிக்குள் தீ பற்றியதை அது காண வேண்டும். காணாவிட்டால் உடனே காஸை மூடி, விசிறியால் உள்ளே இருக்கும் காஸை வெளியே தள்ளி, திரும்ப முயலும். சில தடவை முயன்று பார்த்துவிட்டு, முடியாது என்று பூட்டிக்கொண்டு பிழை எண்ணைக் காட்டும். தீ பற்றிவிட்டால் தண்ணீரின் சூட்டைப் பார்த்துப் பார்த்துத் தீயைக் கூட்டிக் குறைக்கும். சூடு பார்ப்பது குழாயில் கவ்வியிருக்கும் மணி போன்ற ஒரு சின்னச் சென்சர். சூடு ஏற ஏற அதன் தடை குறையும். பல பொயிலர்களில் 25 பாகையில் 10,000 ஓம் காட்டும் சென்சர், 60 பாகையில் ஏறக்குறைய 2,500 ஓமுக்கு இறங்கிவிடும்.

போர்ட் தானாக எதையும் சூடாக்குவதில்லை. நாலு பேர் சொல்வதைக் கேட்டு முடிவெடுக்கிற ஆள் அது. பிழை எண் வந்தால், பெரும்பாலும் அந்த நாலு பேரில் ஒருவர் சொன்னது சரியில்லை என்றுதான் அர்த்தம். வைலன்ட் பொயிலரில் எஃப் 28, வூஸ்டர் பொஷ்ஷில் ஈஏ, பக்சியில் ஈ 133, ஐடியலில் எல் 2. நாலும் ஏறக்குறைய ஒரே சங்கதி: தீ பற்றவில்லை, அல்லது பற்றிய தீயை நான் காணவில்லை. போர்ட் பழுது என்று அந்த எண் சொல்வதில்லை. இதை எத்தனையோ வீட்டில் விளங்கப்படுத்தியிருக்கிறேன்.

போர்ட் தீயைக் காண்கிற விதத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். என் தொழிலில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் அது.

1990க்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் கரண்ட் இல்லை. பற்றரி கொண்டுவரத் தடை. செய்தி கேட்க வேண்டும் என்றால் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வரும் கரண்டில்தான் ரேடியோ கேட்டோம். அந்தக் கரண்ட் முன்னும் பின்னுமாக ஓடும். ரேடியோவுக்கு ஒரே பக்கமாக ஓடும் கரண்ட்தான் வேண்டும். அதனால் நாலு டயோட்டையும், கரண்டைச் சேர்த்து வைக்கிற ஒரு கண்டன்சரையும் ஈயம் வைத்து இணைத்து, ஒரு சவர்க்காரப் பெட்டிக்குள் வைத்துக் கொடுப்போம். டயோட் என்பது கரண்டை ஒரு பக்கமாக மட்டும் போக விடுகிற பொருள். அப்படி நூற்றுக்கணக்கில் செய்து கொடுத்திருக்கிறேன்.

இங்கே காஸ் வகுப்பில் இருந்தபோது ஆசிரியர் ஒரு நாள் சொன்னார், தீச்சுவாலையும் கரண்டைப் பெரும்பாலும் ஒரு பக்கமாகத்தான் போக விடும் என்று. தீக்குள் நீட்டிக்கொண்டிருக்கிற கம்பிக்குப் போர்ட் முன்பின்னாக ஓடும் கரண்டைக் கொடுக்கும். தீ இருந்தால் அந்தக் கரண்ட் தீ வழியாக பர்னரின் உலோகத்துக்கு ஒரு பக்கமாகக் கசியும். அது ஒரு சில மைக்ரோ அம்பியர்தான், அதாவது ஒரு அம்பியரில் பத்து இலட்சத்தில் சில பங்கு. அந்தத் துளிக் கரண்டை வைத்துத்தான் தீ எரிகிறது என்று போர்ட் நம்புகிறது. கம்பி வேறெங்காவது முட்டினால் கரண்ட் இரு பக்கமும் ஓடும், போர்ட் அதை நம்பாது. தீயே டயோட். வகுப்பில் அதைக் கேட்டபோது எனக்குக் கண் கலங்கியது. சவர்க்காரப் பெட்டிக்குள் நான் வைத்த அந்தச் சின்னப் பொருளின் வேலையை இங்கே நெருப்பு செய்கிறது.

இவ்வளவு துளிக் கரண்ட் என்றால் அது தொலைவதற்கும் அதிகம் தேவையில்லை. கம்பியில் வெள்ளைப் படிவு பிடித்தால் போதும். அதைத் தாங்கும் பீங்கானில் மயிர்க்கீறல் விழுந்தால் போதும். எர்த் வயர் துருப்பிடித்துத் தளர்ந்தாலும், சில பொயிலர்களில் லைவையும் நியூட்ரலையும் யாரோ மாற்றிப் பூட்டியிருந்தாலும், தீ நன்றாக எரிந்துகொண்டிருக்கும்போதே “தீ இல்லை” என்று போர்ட் மூடிவிடும். பார்க்கிறவருக்கு, எரிகிற தீயையே இதற்குத் தெரியவில்லை, அப்படியானால் போர்ட்தான் பிழை என்று தோன்றும். புதுப் போர்ட் பூட்டினால் அதுவும் அதையேதான் சொல்லும். ஒரு கம்பியின் விலை இருபது, முப்பது பவுண். நான் வாங்குகிற போர்ட்கள் 150 முதல் 350 பவுண் வரை.

அதற்காகப் போர்ட் பழுதாவதே இல்லை என்று சொல்ல வரவில்லை. பழுதாகும். பழுதாவதற்கு எப்போதும் ஒரு காரணம் இருக்கும், அந்தக் காரணத்தைக் கண்ணால் பார்க்கவும் முடியும்.

வெம்பிளியில் தனியே இருக்கிற ஒரு ஆச்சியின் வீட்டுக்குப் போனேன். “தம்பி, காலமை நல்லா வேலை செய்யும். ஒரு மணித்தியாலம் ஓடினால் நிண்டுடும். பக்கத்தில ஒரு தட்டுத் தட்டினால் திரும்ப வரும்” என்றார். எனக்கு அங்கேயே பாதி தெரிந்துவிட்டது. குளிரில் ஓடி, சூட்டில் நின்று, தட்டினால் வருகிறது என்றால் எங்கோ ஈயம் விட்டிருக்கிறது. கரண்டை நிறுத்தி, சற்று நேரம் விட்டு, போர்டைக் கழற்றிப் பின்பக்கத்தைப் பூதக்கண்ணாடியால் பார்த்தேன். ரிலேயின், அதாவது போர்ட் தானே போட்டு நிறுத்துகிற சின்ன மின் சுவிட்சின், காலைச் சுற்றி ஈயத்தில் வட்டமாக ஒரு கீறல், ஊசி முனையால் வளையம் கீறியது போல. நாங்கள் ட்ரை ஜொயின்ட் என்போம். சூடாகும்போது எல்லாம் விரியும், ஆறும்போது சுருங்கும். செம்பு ஒரு மாதிரி, ஈயம் ஒரு மாதிரி. பாரமான ரிலேயின் காலுக்கடியில் நாளுக்குப் பத்துத் தடவை இது நடந்தால், பத்து வருடத்தில் ஈயம் களைத்துப்போகும். யாழ்ப்பாணத்தில் நான் திறந்த பழைய ரேடியோக்களிலும் இதே வளையம்தான் இருக்கும்.

இந்த வகைப் பழுது உண்மையிலேயே போர்டின் பழுது. கண்டன்சர் காய்ந்து தலை உப்புவதும், ரிலேக்குள் இருக்கும் முனைகள் கருகி ஒட்டிக்கொள்வதும் இதே இனம். பம்ப் நிற்கவேண்டிய நேரத்தில் நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தால், ரிலே ஒட்டிவிட்டதோ என்றும் நான் பார்ப்பேன்.

“நீங்கள் ரேடியோக்காரர்தானே, அந்த ஈயத்தை நீங்களே வைத்துவிடலாமே” என்று ஆச்சி கேட்டார். கை துடித்தது, உண்மை. ஆனால் வைக்கவில்லை. ரேடியோவில் நான் பிழை விட்டால் பாட்டு நிற்கும், அவ்வளவுதான். இந்தப் போர்ட் காஸ் வால்வைத் திறந்து மூடுவது. திருத்திய போர்டைப் பொயிலர் போலவே ஓடவிட்டு, தீ அணைந்தால் உரிய நேரத்தில் காஸை மூடுகிறதா என்று சோதிக்கிற கருவி என் வேலை வாகனத்தில் இல்லை. அந்தக் கருவி உள்ள பட்டறைகள் இருக்கின்றன. பழைய போர்டை எடுத்துக்கொண்டு, திருத்திச் சோதித்த போர்டை உத்தரவாதத்தோடு தருவார்கள். புதியதன் விலையில் பாதிக்கும் குறைவாக ஆச்சிக்கு அப்படி ஒன்று எடுத்துக் கொடுத்தேன். இப்படி ஒரு வழி இருக்கிறது என்பதையே பலர் வாடிக்கையாளருக்குச் சொல்வதில்லை.

போர்டைக் கொல்கிற அடுத்த எதிரி தண்ணீர். பல கொம்பிகளில் போர்ட் கீழே, தண்ணீர்ப் பாகங்கள் மேலே. காற்றை வெளியேற்றும் வால்விலோ பம்பின் சீலிலோ நாளுக்கு இரண்டு சொட்டு விழுந்தால் வெளியே நிலத்தில் ஒரு ஈரமும் தெரியாது. உள்ளே சூட்டில் காய்ந்துவிடும். போர்டைத் திறந்தால் இணைப்பு முனைகளில் செம்புப் பாத்திரத்தில் களிம்பு பூத்தது போலப் பச்சையாக இருக்கும். என் தெருவிலேயே ஒரு வீட்டில் அப்படிக் கண்டேன். எனக்கு முதல் வந்தவர் ஆறு மாதத்துக்கு முன் பூட்டிய புதுப் போர்ட், அதிலும் அதே மூலையில் அதே பச்சை. மேலே கையை விட்டுத் தடவிப் பார்த்தேன், விரல் ஈரமானது. ஒழுக்கை நிறுத்தாமல் போர்ட் மாற்றுவது, ஓட்டைக் கூரையின் கீழ் புதுப் பாய் விரிப்பது மாதிரி.

மூன்றாவது காரணத்தை நினைத்தால்தான் எனக்குக் கோபம் வரும். விசிறியோ பம்போ உள்ளே சுருள் கருகி, வேண்டியதைவிட அதிகம் கரண்ட் இழுக்கும். அந்தப் பாரத்தைத் தாங்க முடியாமல் போர்டில் ஒரு பாகம் எரியும். கருகிய இடத்தைக் காட்டி “பாருங்கள், போர்ட்” என்று சொல்வார்கள். அது பொய்யில்லை. ஆனால் எரித்தவன் இன்னும் உள்ளேயே இருக்கிறான். புதுப் போர்டைப் பூட்டி சுவிட்சைப் போட்ட மறுகணமே அதுவும் எரியும். பூட்டுவதற்கு முன் விசிறியின் இணைப்பைக் கழற்றி மின் அளக்கும் மீற்றரை வைத்துப் பார்க்க இரண்டு நிமிடம் போதும்.

ஒருமுறை ஒரு வீட்டில் பொயிலருக்கு வரும் சுவிட்சின் பியூஸைக் கழற்றிப் பார்த்தேன். அங்கே இருக்க வேண்டியது 3 அம்பியர் பியூஸ். இருந்தது 13. சின்னப் பியூஸ் அடிக்கடி போகிறதென்று வீட்டுக்காரரின் மருமகன் பெரிதாகப் போட்டுவிட்டாராம். அந்தச் சின்னப் பியூஸ் ஒவ்வொரு முறையும் போய், பம்ப் பழுது என்று சொல்லிக்கொண்டிருந்தது. அதை வாய்திறக்க விடாமல் செய்ததால் போர்ட் எரிந்தது.

இப்போது ஈஸ்ட்ஹாம் கடிதத்துக்கு வருகிறேன்.

இங்கிலாந்தில் 2005 ஏப்ரலுக்குப் பிறகு பூட்டிய பொயிலர்கள் ஏறக்குறைய எல்லாமே கொண்டென்சிங் வகை. புகையில் இருக்கும் நீராவியைத் தண்ணீராக்கி, அதன் சூட்டையும் எடுத்துக்கொள்ளும். அப்படிச் சேரும் தண்ணீர் ஒரு பிளாஸ்டிக் குழாய் வழியாக வெளியே போகவேண்டும். பல வீடுகளில் 21.5 மில்லிமீற்றர் அகலமான மெல்லிய வெள்ளைக் குழாயைத்தான் வெளிச்சுவரில் ஓட விட்டிருப்பார்கள். உறைபனி நாளில் அந்தக் குழாய்க்குள் தண்ணீர் ஐஸாகும், வழி அடைபடும். போக இடமில்லாத தண்ணீர் பொயிலருக்குள்ளேயே திரும்பி ஏறும். அப்போது கொடகொட என்று சத்தம் கேட்கும். பிறகு தீ பற்றாது, பிழை எண் வரும். 2010 டிசம்பரிலும் 2022 டிசம்பரிலும் எனக்கு வந்த அழைப்புகளில் பெரும்பங்கு இதுதான்.

அந்தத் தாய் எழுதிய சத்தம் இந்தச் சத்தம். பார்க்காமல் அடித்துச் சொல்ல மாட்டேன். அந்தத் தண்ணீர் முதலில் சேருகிற உள்கிண்ணம் அழுக்கால் அடைபட்டிருந்தாலும் இதே சத்தம் வரும். ஆனால் இரண்டு போர்ட் மாற்றியவர்களில் ஒருவராவது, “சத்தம் ஏதும் கேட்டதா அம்மா?” என்று கேட்டிருந்தால், வெளியே போய் அந்தக் குழாயைத் தொட்டுப் பார்த்திருப்பார். நிலத்தில் நின்று எட்டக்கூடிய குழாய் என்றால் வீட்டுக்காரரே மிதமான சுடுதண்ணீரை அதன்மேல் ஊற்றி இளக்கலாம். கொதிதண்ணீர் வேண்டாம், குழாய் வெடிக்கும். ஏணி போட்டும் ஏற வேண்டாம். பிறகு ரீசெட் பொத்தானை ஒருமுறை அமத்துங்கள். அடுத்த குளிருக்கு முன் அதை 32 மில்லிமீற்றர் குழாயாக மாற்றி, மேலே உறை போட்டுவிட்டால் தொல்லை இல்லை.

போர்டைக் குறை சொல்வதற்கு முன் வீட்டில் பார்க்கக்கூடியவை இன்னும் சில. சுவரில் இருக்கும் வயர் இல்லாத தெர்மோஸ்டாட்டில் பற்றரி முடிந்திருக்கும். அழுத்தமானியின் முள் 1 பாருக்குக் கீழே இறங்கியிருக்கும். குளிர்ந்திருக்கும்போது 1 முதல் 1.5 வரை நிற்க வேண்டும். காசு போடும் காஸ் மீற்றரில் காசு முடிந்திருக்கும். காஸ் அடுப்பு எரிகிறதா என்று ஒருமுறை பாருங்கள். நான் வாசலில் நின்றபடியே பற்றரி மாற்றிக் கொடுத்துவிட்டு வந்த வீடுகள் உண்டு.

இவை எல்லாம் பார்த்தும் சரிவரவில்லை, ஒருவரைக் கூப்பிடுகிறீர்கள். காஸ் சேஃப் அட்டையைக் கேளுங்கள், கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. அட்டையின் பின்பக்கத்தில் அவர் எந்தெந்த வேலை செய்யத் தகுதி உள்ளவர் என்று இருக்கும், அதையும் திருப்பிப் பாருங்கள். அவர் போர்ட் என்று சொன்னால், “எதை அளந்து பார்த்தீர்கள்?” என்று கேளுங்கள். நல்ல வேலைக்காரர் அதைக் கேட்டால் சந்தோஷப்படுவார். விசிறிக்குக் கரண்ட் போகிறது, விசிறி சரி, காஸ் அழுத்தம் சரி, சென்சர் சரி, வால்வுக்கு மட்டும் போர்டில் இருந்து கரண்ட் வரவில்லை என்று மீற்றரைக் காட்டிச் சொல்லுவார். மற்ற எல்லாம் சரி என்று காட்டிய பிறகுதான் போர்ட் பழுது என்ற முடிவுக்கு வர முடியும். கழற்றிய போர்டைத் தரும்படியோ எரிந்த இடத்தைக் காட்டும்படியோ கேளுங்கள். போர்ட் மாற்றியும் அதே எண் வந்தால் அந்தப் போர்டைத் திரும்ப எடுப்பாரா என்று காசு கொடுப்பதற்கு முன் கேளுங்கள்.

புதுப் போர்டுக்கு அது எந்த மாதிரிப் பொயிலரில் இருக்கிறது என்று சொல்லிக்கொடுக்கவும் வேண்டும். வைலன்ட் பொயிலர்களில் டி 93 என்ற இடத்தில் அந்த மாதிரிக்குரிய எண்ணைப் பதிய வேண்டும். வேறு சிலவற்றில் பழைய போர்டில் இருக்கும் சின்னச் செருகியைக் கழற்றிப் புதியதில் செருக வேண்டும். இதைச் செய்யாமல் விட்டால் புதுப் போர்டும் பிழை எண் காட்டும், இல்லையென்றால் தவறான அளவில் ஓடும்.

எங்கள் பொடியன்கள் சிலர் இணையத்தில் 40 பவுணுக்குப் பழைய போர்ட் வாங்கி, வீடியோ பார்த்துத் தாங்களே பூட்டுகிறார்கள். அப்பா அம்மாவின் காசை மிச்சம் பிடிக்க நினைத்துத்தான் செய்கிறார்கள், எனக்கு விளங்குகிறது. தயவுசெய்து வேண்டாம். கரண்டை நிறுத்திய பிறகும் சில போர்ட்களில் கண்டன்சருக்குள் 300 வோல்ட்டுக்கு மேல் நிற்கும். அதைவிடப் பெரிய ஆபத்து மூடி. பல பொயிலர்களில் முன்மூடிதான் புகை வீட்டுக்குள் வராமல் தடுக்கும் சீல். அதைச் சரியாகத் திரும்பப் பூட்டாவிட்டால் கார்பன் மொனொக்சைட் வீட்டுக்குள் வரும். அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. ரீசெட்டைத் திரும்பத் திரும்ப அமத்திக்கொண்டிருப்பதும் கூடாது. ஒவ்வொரு முயற்சியிலும் எரியாத காஸ் கொஞ்சம் உள்ளே போகிறது. காஸ் மணந்தால் ஜன்னலைத் திறந்துவிட்டு, சுவிட்ச் எதையும் தொடாமல் வெளியே போய் 0800 111 999க்கு எடுங்கள். 24 மணித்தியாலமும் எடுப்பார்கள்.

வாடகை வீட்டில் இருப்பவர்கள் பலர் எனக்கே காசு கொடுக்க வருகிறார்கள். நான் வாங்குவதில்லை, வீட்டுச் சொந்தக்காரரைத்தான் கூப்பிடச் சொல்வேன். சூடாக்கியையும் சுடுதண்ணீரையும் வேலை செய்யும் நிலையில் வைத்திருப்பது அவருடைய கடமை என்று 1985ஆம் ஆண்டு வீட்டுச் சொந்தக்காரர், வாடகைக்காரர் சட்டத்தின் 11ஆம் பிரிவு சொல்கிறது. வருடம் ஒருமுறை காஸ் பாதுகாப்புச் சோதனையும் அவர் பொறுப்பு. 2022 அக்டோபரில் இருந்து பொயிலர் உள்ள அறையில் கார்பன் மொனொக்சைட் அலாரம் வைப்பதும் இங்கிலாந்தில் அவர் கடமை. “கேட்டால் வீட்டை விட்டு எழுப்பிவிடுவாரோ” என்ற பயத்தில் ஒரு குடும்பம் இரண்டு மாதம் பச்சைத்தண்ணீரில் குளித்ததை நான் நேரே கண்டிருக்கிறேன். அவர்களுக்குச் சட்டத்தைச் சொல்ல ஒருவரும் இருக்கவில்லை. அதுவும் ஒரு தமிழரின் வீடு. எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன்.

ஆசிரியருக்கு ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு புரட்டாதியிலும், ஹீற்றிங் போடத் தொடங்குவதற்கு முன், உங்கள் பத்திரிகையில் கால் பக்கம் இதற்கு ஒதுக்குங்கள். வீட்டில் பார்க்க வேண்டியவை, கேட்க வேண்டிய கேள்விகள், அந்த அவசர எண். எழுத்துப் பெரிதாக இருக்கட்டும், வயதானவர்கள் வெட்டிப் பொயிலருக்குப் பக்கத்தில் ஒட்டி வைப்பார்கள். நான் எழுதித் தருகிறேன், காசு ஒன்றும் வேண்டாம். ஆங்கிலத்தில் தொலைபேசியில் பிழை எண்ணைச் சொல்லத் தடுமாறி, பிள்ளைகள் வேலையால் வரும்வரை குளிரில் காத்திருக்கிற ஆச்சி அப்புமார் நம்மிடம் நிறைய. நாள் முழுக்க அவர்களைத்தான் நான் சந்திக்கிறேன்.

ஈஸ்ட்ஹாம் தாய்க்கு என் தொலைபேசி இலக்கத்தைக் கொடுங்கள். இந்தக் கடிதத்தோடு தனித்தாளில் எழுதி வைத்திருக்கிறேன், அதைப் பிரசுரிக்க வேண்டாம். புதுப் பொயிலருக்குக் காசு கட்டவேண்டாம், ஞாயிற்றுக்கிழமை வரை பொறுக்கச் சொல்லுங்கள். அன்றைக்கு எனக்கு வேலை இல்லை. அதற்கிடையில் அவரால் முடிந்தால், பொயிலரில் இருந்து வெளிச்சுவருக்கு வரும் வெள்ளைக் குழாயை ஒரு படம் எடுத்து அனுப்பட்டும். கழற்றிய பழைய போர்ட் இரண்டையும் எறிந்துவிடாமல் வைத்திருக்கட்டும். முதல் வேலையாக அதில் ஒன்றைத் திரும்பப் பூட்டிப் பார்க்க நினைக்கிறேன்.

இப்படிக்கு,
காஸ் சேஃப் பதிவுள்ள ஒரு பொயிலர் திருத்துநர்,
ஹரோ, லண்டன்.